பேசப்போகிறவரின் ஆயத்தம்

கிறிஸ்தவ விசுவாசத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்வதற்கான ஆயத்தம் என்றதும் சபைகளில் பெரும்பாலும் நினைவுக்கு வருபவை பயிற்சி வகுப்புகள், கைப்பிரதிக் கட்டுகள், மனப்பாடம் செய்ய வேண்டிய வசனங்கள், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்ற குறிப்புகள் ஆகியவையே. இவற்றில் தவறொன்றும் இல்லை. சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லக் கற்பது கேட்பவருக்குச் செய்யும் மரியாதையும்கூட. ஆயினும் இந்தப் பணிக்கென மனிதர்கள் அழைக்கப்படும் இடங்களை வேதாகமத்தில் தொடர்ந்து வாசித்து வருபவருக்கு ஒன்று புலப்படும்: அங்கே கடவுளின் கை முதலில் படுவது பேசப்போகிறவர் மீதுதான். அவருடைய அச்சம், அகந்தை, அவசரம், பிறரைப் பற்றிய ஏளனம் ஆகியவையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த நிச்சயம் கலைக்கப்பட்ட பின்னரே அவருக்கு வாய் திறக்கப்படுகிறது.

ஏசாயா அனுப்பப்படுவதற்கு முன்பு தம் உதடுகள் அசுத்தமானவை என்று கதறுகிறார். பலிபீடத்து நெருப்புத் தழல் அந்த உதடுகளைத் தொட்ட பிறகே, யாரை அனுப்புவேன் என்ற கேள்வி அவர் காதில் விழுகிறது. எசேக்கியேலோ சுருளைத் தின்னும்படி கட்டளை பெறுகிறார். அதாவது, பிறருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை முதலில் அவருடைய வயிற்றுக்குள் இறங்கி அவருடைய உடலின் பகுதியாக வேண்டும். அதன் பின்பும் அவர் உடனே பேசத் தொடங்குவதில்லை. கேபார் நதியோரத்தில் தெலாபீப் என்னும் ஊரில் சிறைப்பட்டுவந்தவர்கள் தங்கியிருந்த இடத்துக்குச் சென்று, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே தாமும் உட்கார்ந்து, ஏழு நாட்கள் திகைத்துப்போய் இருக்கிறார். அழைப்பின் தரிசனத்தையும் சுருளையும் பற்றி விரிவாகப் பேசுகிறவர்கள் இந்த ஏழு நாட்களை வேகமாகக் கடந்துவிடுவதுண்டு. ஆனால் கடவுளிடமிருந்து செய்தி பெற்ற ஒருவர், அச்செய்தி யாருக்கு உரியதோ அவர்களுடைய துயரத்தின் நடுவே ஒரு வாரம் வெறுமனே உட்கார்ந்திருந்தார் என்பது, நற்செய்திப் பணிக்கான ஆயத்தத்தைப் பற்றி எண்ணுகிறவர் எளிதில் விட்டுவிடக்கூடாத செய்தி.

புதிய ஏற்பாட்டிலும் இதே நிதானத்தைக் காணலாம். அறுவடை மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம், ஆகவே வேலையாட்களை அனுப்பும்படி அறுப்புக்கு எஜமானரை வேண்டிக்கொள்ளுங்கள் என்று இயேசு சீடர்களிடம் சொன்னதாக மத்தேயு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் முடிகிறது. பத்தாம் அதிகாரம் தொடங்கியதும் அவர்களையே அழைத்து அனுப்புகிறார். யாரையாவது அனுப்பும் என்று ஜெபிக்கக் கற்றுக்கொண்டவர்களே அனுப்பப்படுகிறவர்களாகவும் ஆகிறார்கள். இயேசு உயிர்த்தெழுந்த பின்பு நாற்பது நாட்கள் அவர்களோடு இருந்து, காணவேண்டியதைக் காட்டி, விளக்கவேண்டியதை விளக்கிய பின்னரும், புறப்படுங்கள் என்று உடனே சொல்லாமல் எருசலேமிலேயே காத்திருக்கச் சொல்கிறார். பரமேறுதலுக்கும் பெந்தெகொஸ்தே நாளுக்கும் இடைப்பட்ட அந்தப் பத்து நாட்களில் சீடர்களுக்குத் தகவல் எதுவும் குறைவுபடவில்லை; கல்லறை வெறுமையாக இருந்ததை அறிந்தவர்கள் அவர்கள். இருந்தும், மூன்று முறை மறுதலித்த பேதுருவும், ஓடிப்போன மற்றவர்களும் ஒரே அறையில் ஒருமனப்பட்டு ஜெபத்தில் தரித்திருக்க வேண்டியிருந்தது. பரிசுத்த ஆவியானவர் தரும் பெலன் என்று அப்போஸ்தலர் நடபடிகள் குறிப்பிடுவது, தெரிந்ததைத் தைரியமாகச் சொல்லும் ஆற்றலை மட்டும் குறிப்பதாக எண்ணுவது போதாது. தோற்றுப்போனவர்கள் ஒருவரையொருவர் பழிசொல்லாமல் கூடியிருக்கும் வலிமையும் அதில் அடக்கம்.

ஆயத்தமில்லாமலே வெற்றி பெற்ற ஊழியத்துக்கும் வேதாகமத்தில் சான்று உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யோனா நினிவேக்குப் போனார், செய்தியை அறிவித்தார், அரசன் முதல் ஆடுமாடு வரை அந்த மாநகரம் முழுவதும் இரட்டுடுத்தி மனந்திரும்பியது. எண்ணிக்கையால் அளந்தால் அவரைவிடச் சிறந்த தீர்க்கதரிசி இல்லை. ஆனால் அந்நகரம் தப்பியது கண்டு அவர் எரிச்சலடைந்து, பட்டணத்துக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்து, சாவதே நலம் என்று புலம்பினார். செய்தி சரியாக இருந்தது. கேட்டவர்கள்மீது அன்பு இல்லை. அந்தப் புத்தகம் யோனாவை நோக்கிக் கடவுள் கேட்கும் கேள்வியோடு நின்றுவிடுவதால், நினிவேயைக் காட்டிலும் தீர்க்கதரிசியின் மனமே அதன் உண்மையான பொருள் என்று கொள்வதற்கு இடமிருக்கிறது.

இந்த ஆயத்தத்தின் உள்ளமைப்பை மிகச் சுருக்கமாக வகுத்துச் சொன்னவர் மார்ட்டின் லூத்தர். 1539-இல் தம் ஜெர்மன் எழுத்துகளின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், 119-ஆம் சங்கீதத்தை ஆதாரமாகக் கொண்டு, இறையியல் பயில்கிறவரை உருவாக்குபவை மூன்று என்றார்: ஜெபம், தியானம், சோதனை. ஜெபம் என்பது தன் அறிவின்மேல் நம்பிக்கை இழந்து, போதிக்கும்படி ஆவியானவரை மன்றாடுவது. தியானம் என்பது வேதவசனத்தைத் திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசித்து, இதற்குமுன் படித்ததுதானே என்ற சலிப்புக்கு இடங்கொடாமல் அதையே அசைபோடுவது. சோதனை என்ற மூன்றாவதுதான் பலரையும் வியக்கவைக்கும். உள்ளத்தில் எழும் போராட்டம், எதிர்ப்பு, கடவுள் கைவிட்டாரோ என்ற கலக்கம் ஆகியவற்றையெல்லாம் லூத்தர் இந்தச் சொல்லில் அடக்கினார். கடவுளுடைய வார்த்தை எவ்வளவு உண்மையானது, எவ்வளவு இனிமையானது என்பதை வெறும் அறிவாக அல்லாமல் பட்டறிவாக உணர்த்தும் உரைகல் அதுவே என்றும் கருதினார். முதல் இரண்டையும் ஒருவர் தாமே மேற்கொள்ளலாம். மூன்றாவதை யாரும் பாடத்திட்டத்தில் சேர்க்க முடியாது. அது வந்து சேர்வது.

லூத்தருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்குள், ஜெர்மானிய லூத்தரன் சபைகளில் உபதேசம் துல்லியமாகவும் வாழ்க்கை வறண்டதாகவும் ஆகிவிட்டது என்ற ஏக்கத்திலிருந்து பயட்டிசம் என்னும் பக்தி இயக்கம் பிறந்தது. பிராங்க்பர்ட்டில் போதகராயிருந்த பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1670 முதல் வீட்டில் சிறு குழுவாகக் கூடி வேதம் வாசிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். 1675-இல் வெளிவந்த அவருடைய நூல், குருத்துவப் பயிற்சி பெறும் மாணவர்களின் அறிவோடு அவர்களுடைய பக்தி வாழ்வும் கவனிக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தியது. அவருடைய வழியில் வந்தவர் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. இவருடைய வாழ்வில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இங்கு ஆராயப்படும் பொருளின் மையத்தையே தொடுகிறது.

1687-இல் பிராங்கே லூனபர்க் நகரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். எபிரெயமும் கிரேக்கமும் கற்றவர், வேத ஆராய்ச்சிக் குழுவொன்றை நடத்தியவர், வயது இருபத்துநான்கு. பிரசங்கம் செய்ய அழைக்கப்பட்டபோது, யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்து இறுதி வசனத்தை எடுத்துக்கொண்டு, விசுவாசித்து ஜீவனை அடைதல் என்பது என்ன என்று விளக்கத் தீர்மானித்தார். வெறும் கற்பனையான விசுவாசத்துக்கும் உயிருள்ள விசுவாசத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சபையாருக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய திட்டம். குறிப்புகளைத் தயாரிக்கத் தயாரிக்க, தாம் விளக்கப்போகும் அந்த விசுவாசம் தம்மிடமே இல்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று. கடவுள் இருக்கிறாரா, வேதம் உண்மையா என்ற ஐயங்கள்வரை அந்த உள்ளாய்வு அவரைக் கொண்டுபோயிற்று. பிரசங்கத்தை மறுத்துவிடலாமா என்று எண்ணிக் கலங்கிய நிலையில், தாம் அறியாத அந்தக் கடவுளை நோக்கியே முழங்காற்படியிட்டு மன்றாடினார்; எழுந்தபோது ஐயம் நீங்கியிருந்தது என்று பின்னர் எழுதிவைத்தார். சில நாட்களுக்குப் பின் அதே வசனத்தின்மேல் பிரசங்கமும் செய்தார்.

பிராங்கேயின் அனுபவத்தை எல்லாருக்கும் ஒரே அச்சாக வைத்து, இப்படி அழுது எழுந்தால்தான் மனந்திரும்புதல் என்று பின்னாளில் அவருடைய சீடர் சிலர் வற்புறுத்தியது வருந்தத்தக்கதே. ஆனால் அதன் உண்மை வேறிடத்தில் இருக்கிறது. பிறருக்குச் சொல்வதற்கென்றே வேதத்தைத் திறக்கும் பழக்கம் ஊழியர்களைப் பிடிக்கும் மிக மென்மையான ஆபத்து. வாசிக்கும்போதே யாருக்கு இது பொருந்தும் என்று மனம் ஆள் தேடத் தொடங்கிவிடும். பிராங்கே அந்த வசனத்தின் முன் ஆசிரியராக உட்கார்ந்து, கேட்பவராக எழுந்தார். தனக்கென வாசிக்கும் வாசிப்பும், தன் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடும் ஜெபமும் ஆயத்தத்தின் அடித்தளம் என்று சொல்லப்படுவதன் காரணம் இதுதான்.

பின்பு ஹாலே நகரில் பேராசிரியராகவும் போதகராகவும் அமர்ந்த பிராங்கே, 1695-இல் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியோடு தொடங்கி ஒரு பெரிய கல்வி நிலையத்தையும் அநாதை இல்லத்தையும் கட்டியெழுப்பினார். அந்த ஹாலேயில் சிறிது காலம் படித்து, நோயினால் படிப்பை முடிக்க இயலாமல் திரும்பியவரே பர்த்தலோமேயு சீகன்பால்க். 1682-இல் சாக்சனியின் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்த அவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். இறக்குந்தறுவாயில் அவருடைய தாய் பிள்ளைகளை அழைத்து, வேதாகமத்தில் பெரிய செல்வத்தைத் தேடிவைத்திருப்பதாகவும், அதன் ஒவ்வொரு பக்கத்தையும் தாம் கண்ணீரால் நனைத்திருப்பதாகவும் சொன்னார் என்பது அவரைப் பற்றிய மரபு. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் ஆதரவில் அவரும் ஹென்ரிக் புளூட்சாவும் அனுப்பப்பட்டு, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக் கரையை அடைந்தனர்.

சீகன்பால்கின் ஆயத்தம் கப்பலேறியதோடு முடிந்துவிடவில்லை. சொல்லப்போனால், அதன் செறிவான பகுதி தரங்கம்பாடியில்தான் தொடங்கியது. தமிழ் அறியாத அவர், ஒரு வயதான உபாத்தியாயரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை வரைந்து பழகினார். ஐரோப்பாவில் குருப்பட்டம் பெற்று, அரசரின் ஆணையோடு வந்த ஒருவர், அ எழுதத் தடுமாறும் சிறுவனுக்குப் பக்கத்தில் தாமும் தடுமாறிக்கொண்டிருந்த காட்சியை மொழிப் பயிற்சி என்று மட்டும் வகைப்படுத்திவிட முடியாது. கற்பிக்க வந்தவர் முதலில் அவ்வூர்ப் பிள்ளைகளைக் காட்டிலும் குறைவாக அறிந்தவராக அவர்கள் நடுவே இருக்கச் சம்மதித்தார் என்பதில், எசேக்கியேலின் ஏழு நாட்களுக்கு ஒப்பான பணிவு இருக்கிறது.

1709-இல் அவர் எழுதிய கடிதமொன்று அவருடைய நாளை மணிக்கணக்கில் காட்டுகிறது. காலை ஜெபத்துக்குப் பின் 6 முதல் 7 வரை ஞானோபதேசம், அதாவது வினாவிடையாக அமைந்த விசுவாசப் பாடம், தமிழில் விளக்கப்படும். 7 முதல் 8 வரை கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பார்ப்பார். 8 முதல் 12 வரை தமிழ் நூல்களைத் தவிர வேறெதையும் வாசிப்பதில்லை. அருகில் இருக்கும் ஆசிரியர் பொருள் சொல்ல, எழுத்தர் ஒருவர் புதிய சொற்களையும் வழக்குகளையும் ஓலையில் குறித்துக்கொள்வார். இவ்வாறு அவர் படித்தவை பெரும்பாலும் சைவ, வைணவ நூல்களும் நீதி நூல்களுமே. கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை 1708-லேயே ஜெர்மனில் மொழிபெயர்த்தார். வந்த புதிதில் இம்மக்களைப் பற்றி ஐரோப்பாவில் நிலவிய இழிவான எண்ணத்தையே அவரும் சுமந்துவந்திருந்தார். இந்த நூல்களைப் படித்த பின், ஒழுக்கத்தைப் பற்றி இவர்கள் கொண்டிருக்கும் அறிவு ஐரோப்பியர் எண்ணுவதைக் காட்டிலும் எவ்வளவோ உயர்ந்தது என்று சாட்சியம் எழுதும் நிலைக்கு வந்தார். தம் விசுவாசத்தில் அவர் எள்ளளவும் தளரவில்லை. அயலாரைப் பற்றிப் பொய்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை, அயலாரின் சமயத்தைப் பற்றிப் பேசும்போதும் பொருந்தும் என்பதை அவருடைய ஓலைச்சுவடிகள் அவருக்குக் கற்பித்தன.

இந்த இடத்தில் பிராங்கேக்கும் ஹாலேயில் படித்த அவருடைய மாணவருக்கும் இடையே ஒரு முரண்பாடு எழுந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் 1713-இல் எழுதி ஹாலேக்கு அனுப்பிய பெருநூலைப் பிராங்கே அச்சிட இசையவில்லை. அந்தப் புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்ப வேண்டியதில்லை என்பது அவருடைய கருத்து. அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. லூனபர்க்கில் தம் உள்ளத்தை அவ்வளவு நேர்மையாக ஆராய்ந்த பிராங்கே, கடலுக்கு அப்பால் வாழ்ந்தவர்களின் உள்ளத்தை அறிவதும் அதே நேர்மையின் பகுதி என்பதைக் காணவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மண்ணில் உட்கார்ந்து கற்றவருக்குப் புலப்பட்டது, மேசையருகே ஜெபித்தவருக்குப் புலப்படவில்லை.

லூத்தர் கூறிய மூன்றாவதான சோதனையும் சீகன்பால்கைத் தேடி வந்தது. தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதியான ஹாசியஸோடு ஏற்பட்ட மோதலில், 1708 நவம்பரில் அவர் கைதாகி டேன்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதங்கள் அடைக்கப்பட்டார். அதற்கு ஒரு மாதம் முன்புதான், அக்டோபர் 17 அன்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார்; அந்த வேலை நின்றது. சிறையில் இருந்த காலத்தில் கிறிஸ்தவ வாழ்வின் நிலையைப் பற்றியும், போதிக்கும் பணியில் இருப்பவரின் நிலையைப் பற்றியும் அவர் எழுதினார் என்பது கவனத்துக்குரியது. எதிரி வெளியாளாக இல்லாமல், தம் விசுவாசத்தையே அறிக்கையிடும் கிறிஸ்தவ அதிகாரியாக இருந்தது அந்தத் துன்பத்தைக் கசப்பாக்கியிருக்க வேண்டும். 1709 மார்ச்சில் வெளிவந்தவர் கசப்பை ஊழியமாக்காமல் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1711 மார்ச் 31 அன்று முடித்தார்.

இந்த வரலாற்றிலிருந்து இன்று விசுவாசத்தைப் பகிர விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளக்கூடியவை, கிணற்றடியிலும் அலுவலகத்திலும் மருத்துவமனை வார்டிலும் நடக்கும் சாதாரணப் பேச்சுக்கும் பொருந்துபவையே. தமிழ்ச் சபைகளில் ஆத்தும பாரம் என்று வழங்குவது, ஒருவரின் நலனைப் பற்றிய ஏக்கம் ஜெபிப்பவரின் நெஞ்சில் சுமையாக இறங்குவதைக் குறிக்கும். அந்தப் பாரம் உண்மையானதா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: அந்த மனிதருடைய பெயரைச் சொல்லி, அவருடைய கடன், நோய், பிள்ளையின் படிப்பு ஆகியவற்றுக்காக, அவர் ஒருபோதும் சபைக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தாலும் ஜெபம் தொடருமா? தொடரும் என்றால் அது அன்பு. நின்றுவிடும் என்றால், அவரைக் கணக்கில் சேர்க்கும் ஆசையே அங்கே ஜெபத்தின் வேடத்தில் இருந்திருக்கிறது. உபவாசத்தின் பயனும் இங்கேதான். உணவை விலக்கும் நேரத்தில் பசியோடு சேர்ந்து எரிச்சலும் பெருமையும் மேலெழும்பி வரும்போது, தன்னைப் பற்றி அறியாதிருந்ததை மனிதன் அறிகிறான். ஒப்புரவாக வேண்டிய சகோதரன் ஒருவன் இருக்க, காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்ற இயேசுவின் போதனை, சாட்சி சொல்லப் புறப்படுகிறவருக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்தும். வீட்டில் மருமகளோடு பேசாதிருப்பவர் தெருவில் சமாதானத்தின் நற்செய்தியை அறிவிப்பதைத் தெருவே நம்பாது.

பேதுருவின் முதல் நிருபம், நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருக்கச் சொல்லும் இடத்தில், அந்தப் பதில் சாந்தமும் மரியாதையும் உடையதாக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அங்கே கேள்வி கேட்பவர் முந்திக்கொள்கிறார். கேட்கத் தூண்டும் வாழ்க்கை முன்னால் இருக்க வேண்டும், கேட்பவருக்கு மறுக்கும் உரிமை முழுமையாக இருக்க வேண்டும் என்ற இரண்டும் அதில் அடங்கியிருக்கின்றன. பணம், வேலை, பயமுறுத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பேச்சுக்குள் நுழைந்தால், நம்பச் செய்வது ஆவியானவரின் வேலை என்ற விசுவாசத்தை ஊழியரே மறுதலித்தவராகிறார். மறுப்பைப் பெற்ற பின்னும் நட்பில் குறைவைக்காமல் இருப்பதற்கு, அந்த மறுப்பு வருவதற்கு முன்பே ஜெபத்தில் மனம் பக்குவப்பட்டிருக்க வேண்டும்.

சீகன்பால்கும் அவருடைய உடனூழியரான குருண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழர் பலரிடம் அவர்களுடைய சமயத்தையும் வழக்கங்களையும் கிறிஸ்தவத்தைப் பற்றிய எண்ணங்களையும் கேட்டு எழுதி, வந்த மறுமொழிகளை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். அம்மடல்களில் சில, கிறிஸ்தவர்களை ஏன் இழிவாகக் கருதுகிறோம் என்பதற்கு நேரான விடை தந்தன: மாட்டைக் கொன்று தின்கிறார்கள், தூய்மை பேணுவதில்லை, மது குடிக்கிறார்கள். இவற்றுள் சில பழக்கவேறுபாடு பற்றியவை, சில கோட்டையைச் சூழ்ந்திருந்த ஐரோப்பியரின் ஒழுக்கம் பற்றியவை. இந்தக் கண்டனங்களை நீக்கிவிடாமல் அனுப்பியதும், ஹாலே அவற்றை அச்சிட்டதும் பாராட்டுக்குரியவை. பேசப்போகிறவர் தம்மைப் பற்றிக் கேட்பவர் வாயிலாகவே கேட்டறிவது, தனியறை உள்ளாய்வு தர முடியாத வெளிச்சத்தைத் தரும்.

சீகன்பால்க் 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறு வயதில் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம் என்ற இளைஞரும் ஒருவர். அவருக்கு ஆரோன் என்று பெயரிடப்பட்டது. அவர் உடனே மேடையேற்றப்படவில்லை. உபதேசியாராக, அதாவது ஊர் ஊராகச் சென்று விசுவாசப் பாடம் கற்பித்து, நோயாளிகளைச் சந்தித்து, ஜெபிக்கும் பணியாளராக, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் உழைத்த பின்பே 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் இந்திய லூத்தரன் போதகரானார். அதற்குப் பின்னும் 1745-இல் இறக்கும்வரை அதே ஊர்களுக்கு, அதே வீடுகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.